வீட்டுக்கு வந்த கவர் வெளியே போகாமல் இருக்க

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கடைக் கவருக்குத் தடை. கனமோ மெல்லிசோ, பிளாஸ்டிக் கைப்பையே கொடுக்கக்கூடாது என்பதுதான் உத்தரவு. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. இருந்தும் எங்கள் சென்னிமலைப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கவர் தொங்கும், அதற்குள் நாற்பது கவர் திணித்திருக்கும். சந்தையில் தக்காளிக்கு ஒன்று, கீரைக்கு ஒன்று, ஜவுளி எடுத்தால் கனமாக ஒன்று, கொரியரில் வருவது ஒன்று. வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் குறைகிறது, ஆனால் நின்றுபோகவில்லை.

நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள். புகுந்த வீடு கைத்தறிக் குடும்பம், பெட்ஷீட்டும் போர்வையும் நெய்தவர்கள். பிறந்த ஊர் காங்கயத்துக்குப் பக்கம், மாடு கன்றோடு வளர்ந்த வீடு. இந்தக் கவர் விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு அந்த மாடுதான் காரணம். மிச்சச் சோற்றையும் காய்த் தோலையும் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வீசுகிறார்கள். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, வாசனையைப் பிடித்துக் கவரோடு விழுங்கிவிடும். அது செரிக்காது, சாணத்தோடு வெளியேயும் வராது. முதல் இரைப்பையிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். வயிறு நிறைந்த மாதிரியே இருப்பதால் தீவனம் எடுக்காமல் மெலியும். கடைசியில் வயிற்றைக் கிழித்து எடுத்தால்தான் உண்டு. கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், மேயும் மாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. காற்றில் பறந்து வரும் கவரெல்லாம் கிளுவை வேலி முள்ளில் மாட்டிக் கிழிந்து, துண்டு துண்டாகக் கொளுக்கட்டைப் புல்லுக்குள்தான் விழுகிறது.

அதனால் என் வீட்டில் ஒரே ஒரு கணக்குதான். புதுக் கவர் வாங்குவதில்லை. அதையும் மீறி வந்துவிட்டால், அது வீட்டுக்குள்ளேயே எத்தனை வருஷம் இருக்கும்படி செய்ய முடியும் என்று பார்ப்பேன். குப்பைக்கூடைக்கு உறையாகப் போட்டால் அந்தக் கவருக்கு ஒரு நாள் ஆயுள், மறுநாள் குப்பையோடு தெருவுக்குப் போய்விடும். அதை நான் மறுபயன் என்றே எடுத்துக்கொள்வதில்லை. மிதியடியாக நெய்தால் பல வருஷம் வாசலிலேயே கிடக்கும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

முதலில் கழுவுங்கள், அப்புறம் பிரியுங்கள்

அழுக்குக் கவரைச் சேர்த்து வைத்தால் கரப்பான்தான் வரும். அரிசி களைந்த தண்ணீரோ துணி அலசிய கடைசித் தண்ணீரோ போதும், இதற்கென்று தனியாகக் குழாயைத் திறக்க வேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பி, கொடியில் கிளிப் போட்டு நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் கவரும் சேர்ந்து நைந்துபோகும். வெயில் பட்டால் இந்தப் பிளாஸ்டிக் மொடமொடவென்று ஆகிப் பொடியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல இடத்தில் வரும்.

மீன், கறி வாங்கி வந்த கவரை நான் சேர்ப்பதில்லை. அதற்குத் தூக்குப்போசி, அதாவது தூக்குப் பாத்திரம், கொண்டு போவதுதான் வழி.

காய்ந்த பிறகு கையால் கசக்கிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் போட்டு மெல்லிசாக இருந்தால் அது ஒரு வகை. காய்க்கடை, மளிகைக்கடைக் கவரில் நிறைய இதுதான். இழுத்தால் சத்தமில்லாமல் வழவழவென்று நீண்டுகொடுத்தால் அது வேறு வகை. பால் கவரும் ஜவுளிக்கடைக் கனக் கவரும் இதில் வரும். சேலையும் சட்டையும் வைத்துக் கொடுக்கும் கண்ணாடிக் கவர் மூன்றாவது. அது நீளாது, ஒரு இடத்தில் கீறல் விழுந்தால் நேராகக் கிழிந்துகொண்டே போகும். முதல் வகை இஸ்திரி போட்டு ஒட்டுவதற்கு நல்லது. முதலும் இரண்டும் நெய்வதற்கு ஆகும். மூன்றாவதை நெசவுக்கு எடுக்காதீர்கள், அதை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் லாயக்கு. என் கடையில் பொத்தான், கொக்கி, லேஸ் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. உள்ளே இருப்பது தெரிவதால் தேட வேண்டியதில்லை.

சேர்த்து வைக்க ஒரு குழாய்ப் பை தைத்துக்கொள்ளுங்கள். பழைய டீ-சர்ட்டின் முழுக்கை ஒன்று, அல்லது பையன்களுக்குச் சின்னதாகிப்போன பேன்டின் ஒரு கால். பேன்டின் கால் என்றால் ஒன்றரை அடிக்கு வெட்டிக்கொள்ளலாம். இரண்டு முனையையும் மடித்து எலாஸ்டிக் கோத்து, மேல் முனையில் ஒரு காது வைத்து ஆணியில் மாட்டிவிட்டால் முடிந்தது. மேலே திணிக்கலாம், கீழே ஒவ்வொன்றாக உருவலாம். பிஞ்சுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். குழந்தைகள் கவரைத் தலையில் மாட்டி விளையாடும், மூச்சு முட்டிவிடும். மீண்டும் சொல்கிறேன், உயரத்தில் மாட்டுங்கள்.

மிதியடி நெய்வது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். திருப்பூர் பனியன் துணிக் கழிவில் மிதியடி பின்னுவது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதில்லை. அதே கைவேலைதான் இதுவும், துணிக்குப் பதில் கவர். தறி வேண்டாம், ஒரு மரச்சட்டம் போதும்.

சட்டம் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். உடைந்த ஜன்னல் சட்டமோ பழைய படச் சட்டமோ கிடைத்தால் அதுவே சரி. அகலப் பக்கம் இரண்டிலும், மேலேயும் கீழேயும், அரை இஞ்சுக்கு ஒரு ஆணி அடியுங்கள். தலை அரை இஞ்ச் வெளியே நிற்கட்டும், கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் நூல் நழுவாது.

பாவுக்கு, அதாவது நெடுக ஓடும் நூலுக்கு, தடித்த பருத்தி முறுக்கு நூல் எடுங்கள். பொட்டலம் கட்டும் சணல் வேண்டாம், ஈரத்தில் இற்றுவிடும். கீழ் மூலை ஆணியில் முடிச்சுப் போட்டு, மேல் ஆணிக்குக் கொண்டு போய்ச் சுற்றி, அடுத்த ஆணி வழியாகக் கீழே இறக்கி, இப்படியே கடைசி வரை ஓட்டுங்கள். விரலால் தட்டினால் கம்பி போல் அதிர வேண்டும். தொய்வாக இருந்தால் நெய்யும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இனி ஊடை, அதாவது குறுக்கே ஓடும் கவர் நூல். ஒரு கவரைத் தரையில் விரித்து, பக்கவாட்டு மடிப்பு உள்ளே போகும்படி நீவி, காற்றை வெளியேற்றுங்கள். இடமிருந்து வலமாக இரண்டு முறை மடித்தால் நீளமான பட்டையாக வரும். மேலே கைப்பிடியையும் கீழே ஒட்டுப்போட்ட ஓரத்தையும் வெட்டி எடுத்துவிடுங்கள். பட்டையைக் குறுக்கே இரண்டு இஞ்ச் அகலத்தில் துண்டு போடுங்கள். மிகவும் மெல்லிசுக் கவர் என்றால் மூன்று இஞ்ச். ஒவ்வொரு துண்டையும் பிரித்தால் வளையமாக இருக்கும். அது அறுபடாமல் முழு வளையமாக இருப்பதுதான் முக்கியம்.

இரண்டு ரப்பர் பேண்டைக் கோத்துச் சங்கிலியாக்குவது போலத்தான் வளையங்களை இணைக்க வேண்டும். முதல் வளையத்துக்குள் இரண்டாவது வளையத்தின் ஒரு முனையை நுழையுங்கள். இரண்டாவதின் மறுமுனையை அந்த முனைக்குள்ளேயே விட்டு மெதுவாக இழுங்கள். சின்னதாக ஒரு முடிச்சு விழும். வெடுக்கென்று இழுத்தால் அந்த இடத்தில் கவர் நீண்டு மெலிந்துவிடும், மிதியடி முதலில் பிய்வது அங்கேதான். இப்படியே இருபது முப்பது வளையம் சேர்த்ததும் ஒரு மர ஸ்கேலில் சுற்றி வையுங்கள். தறியில் ஊடையை ஓட்டும் நாடாவுக்குப் பதில் உங்களுக்கு அந்த ஸ்கேல்தான்.

நெய்யத் தொடங்கும்போது முதல் நான்கைந்து வரி துணிப் பட்டையால் ஓட்டுங்கள். ஓரம் பிரியாமல் அது பிடித்துக்கொள்ளும். அப்புறம் கவர் நூல். ஒரு பாவுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே, இப்படியே மறு கரை வரை. திரும்பி வரும்போது மேலே போனது கீழே, கீழே போனது மேலே. ஒவ்வொரு வரிக்கும் பழைய மரச்சீப்பால் கீழ்நோக்கி அடித்து இறுக்குங்கள்.

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் வரும் தொல்லை ஒன்று. மேலே போகப் போக மிதியடி இடுப்பு ஒடுங்கிவிடும். கரையில் ஊடையைப் பிடித்து இழுப்பதால் வருவது அது. என் மாமியார் தறியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். “ஊடையை இழுக்காத கண்ணு, தளர்வா விட்டு அடி” என்பார். நூலை நேராக ஓட்டாமல் வளைவாக மேலே ஏற்றிவிட்டு, நடுவில் முதலில் அடித்து, அப்புறம் இரு பக்கமும் அடியுங்கள். அந்த வளைவில் இருக்கும் கூடுதல் நூல் பாவைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும், கரை நேராக நிற்கும்.

நடுத்தர அளவுக் கவர் என்றால் முப்பது வரை பிடிக்கும், சிறுசு என்றால் நாற்பதைத் தாண்டும். நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், நான் கவலைப்படுகிறேன். வெள்ளையையும் கறுப்பையும் தனியாகச் சேர்த்து வைத்து, பவானி ஜமக்காளத்தில் வருவது மாதிரி பட்டை பட்டையாகப் போட்டால்தான் வாசலில் போட மனசு வரும். கைக்கு வந்ததையெல்லாம் ஓட்டினால் கலங்கலாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் வீட்டில் யாராவது தூக்கிப் போட்டுவிடுவார்கள், பிறகு அத்தனை வேலையும் எதற்கு?

முடிக்கும்போது மறுபடி நான்கு வரி துணி. ஆணியிலிருந்து கழற்றி, பாவு முனைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். குளியலறை வாசலுக்கும் கை கழுவும் இடத்துக்கும் இது அருமையாகப் பொருந்தும். கவர் தண்ணீரைக் குடிக்காததால் உதறிப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். வழுவழு டைல்ஸ் தரை என்றால் அடியில் பழைய சணல் சாக்கை வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தைக்காமல் போடவே கூடாது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி இதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “ஏனுங்க்கா, இத்தனை பாடு படறதுக்கு நூறு ரூவாய்க்கு ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சுதுங்களே?”

“மிதியடி வாங்கிடலாம் அம்மிணி. உன் ஊட்டுக் கதவுக்குப் பின்னால தொங்குதே, அத என்ன பண்ணுவே?”

இப்போது அவளும் வெட்டுகிறாள். டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலைதான் இது. வெட்டுவதையும் வளையம் கோப்பதையும் குழந்தைகளிடம் கொடுத்தால் சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள்.

இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி ஷீட் ஆக்குவது

சரசரக் கவரை அடுக்கிச் சூடு கொடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, ரெக்ஸின் போலக் கெட்டியான ஷீட் கிடைக்கும். தையல் மெஷின் இருக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி.

கைப்பிடியும் அடி ஓரமும் வெட்டி, கவரைத் திறந்து விரித்து, ஆறிலிருந்து எட்டு அடுக்கு வையுங்கள். எழுத்து அச்சிட்ட பக்கம் உள்ளே போகட்டும், இல்லையென்றால் மை ஈஷிக்கொள்ளும். அடியில் ஒரு பட்டர் பேப்பர், மேலே ஒரு பட்டர் பேப்பர். பெட்டி நேரடியாகக் கவரில் பட்டால் பெட்டியும் போச்சு, கவரும் போச்சு. நீராவியை நிறுத்திவிட்டு, பாலியஸ்டர் துணிக்கு வைக்கும் சூட்டில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். பதினைந்து விநாடி தேய்த்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேயுங்கள். ஆறியதும் மூலையைப் பிரித்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் சூடு போதவில்லை, ஓட்டை விழுந்திருந்தால் சூடு அதிகம். கவர் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். அதனால் வேண்டிய அளவைவிடப் பெரிதாக ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்து, திண்ணையிலோ காற்றோட்டமான இடத்திலோ செய்யுங்கள். புகை வந்தால் உடனே நிறுத்துங்கள். ஃபிளெக்ஸ் பேனர், பழைய ரெயின்கோட்டு, ரெக்ஸின் இதையெல்லாம் மறந்தும் இஸ்திரிக்கு அடியில் வைக்காதீர்கள். அவை பிவிசி, அதில் குளோரின் இருக்கிறது, அளவு மீறிச் சூடானால் வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

தைப்பதற்கு இரண்டு சொல்லியாக வேண்டும். தையலை நீளமாக வையுங்கள். பொடித் தையல் போட்டால் ஊசி ஓட்டை நெருங்கி, கோட்டுக்கு நேராகக் கிழிந்துவிடும். குண்டூசி குத்தாதீர்கள், அந்த ஓட்டை மூடாது. துணிக் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஷீட்டில் நான் அதிகம் தைப்பது மஞ்சப்பைக்கு உள் உறைதான். கல்யாணத்தில் தேங்காயோடு கொடுக்கும் மஞ்சப்பை எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும். ஆனால் ஈரக் கீரையும் கொத்தமல்லியும் போட்டால் பை நனைந்து நாறுகிறது என்று பலர் அதை எடுத்துப் போவதில்லை. உள்ளே இந்த உறையைத் தைத்துவிட்டால் ஈரம் வெளியே வராது, வீட்டுக்கு வந்ததும் துடைத்து வைத்துவிடலாம். இப்படித் தைத்துக் கொடுத்த பிறகு சந்தைக்குக் கைவீசிப் போவதை விட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு பழைய கவரை வைத்தே புதுக் கவர் வருவதை நிறுத்த முடிகிறது என்பதால், எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். பாத்திரம் கழுவும்போது கட்டும் முன்துணி, கத்தரிக்கோல் உறை, பள்ளிப் பைக்கு மழை உறை, இவையும் நன்றாக வரும். சூடான போசியையோ தோசைக்கல்லையோ மட்டும் இதன் மேல் இறக்காதீர்கள், இளகிவிடும்.

பால் கவர்

பால் கவரை வெட்டும்போது மூலையைத் தனியாகக் கத்தரித்து எறியாமல், பாதி வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கும்படி விடுங்கள். அந்தத் துளித் துண்டுதான் யார் கண்ணிலும் படாமல் சாக்கடைக்கும் மண்ணுக்கும் போகிறது. கழுவிக் காயவைத்த பால் கவரைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். விலை பெரிதாக இருக்காது. ஆனாலும் உருக்கி வேறு பொருளாக்கப் போய்ச் சேரும் என்பதால் கொடுத்துவிடுவது நல்லது.

நாற்று விடவும் பால் கவர் ஏற்றது. அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு, செம்மண், மக்கிய சாணி எரு, தேங்காய் நார்க் கழிவு மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். பொள்ளாச்சிப் பக்கம் நார்க் கழிவுக்குப் பஞ்சமே இல்லை. கத்தரி, மிளகாய், தக்காளி, பப்பாளி எதுவும் போடலாம். மர நிழலில் வையுங்கள். நர்சரியில் கறுப்புப் பை கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் கலந்திருக்கும் கரி வெயிலைத் தாங்கும். வெள்ளைப் பால் கவருக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. ஒரு நாற்று வளர்ந்து எடுக்கும் வரைதான் அதன் கணக்கு. நடும்போது கவரைக் கிழித்து முழுசாக எடுத்துவிட வேண்டும், மண்ணோடு புதைத்துவிடாதீர்கள். எண்ணிக்கை வைத்துக்கொண்டால் நல்லது, பத்துக் கவர் தோட்டத்துக்குப் போனால் பத்தும் திரும்பி வர வேண்டும்.

சின்னச் சின்ன வேலைகள்

ஆடி பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்கோ, லீவு நாளில் கொடிவேரிக்கோ குளிக்கப் போனால் ஈரத்துணி எடுத்து வர இரண்டு கனக் கவர் போதும். துணியோடு அதையும் அலசிக் காயப்போட்டால் அடுத்த வருஷமும் ஆகும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் செல்போனுக்கும் மாற்றுத் துணிக்கும் ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடிக் கவரில் ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், நிலப் பத்திரத்தின் நகல். வண்டி சீட்டுக்கு மழைக்கு ஒரு கவர், மழை விட்டதும் கழற்றி டிக்கியில். ஊருக்குப் போகும்போது செருப்பு சுற்றி வைக்க ஒன்று. கைப்பையும் ஷூவும் அலமாரியில் நசுங்காமல் இருக்க உள்ளே திணிக்க நான்கு. பீங்கான் சாமானைக் கட்டி வைக்கும்போது இடைவெளியில் கசக்கிச் செருக நிறைய.

பட்டுச் சேலையை மட்டும் கவரில் வைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று சரிகை கறுத்துவிடும். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுவதுதான் சரி.

எதற்கு ஆகாது

அடுப்புப் பற்றவைக்க ஆகவே ஆகாது. வெந்நீர் அடுப்பில் விறகு பிடிக்கவில்லை என்று கவரைச் செருகுகிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. புகை முதலில் போவது அடுப்பு ஊதுகிறவர் மூச்சுக்குள். தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்துகொண்டு இதற்குக் கவர் தேடுவானேன்? பன்னாடையும் காய்ந்த பாளையும் வைத்தால் ஒரு குச்சியில் பிடித்துக்கொள்ளும்.

சோளக்காட்டிலும் நெல் வயலிலும் மயிலையும் கிளியையும் விரட்டக் கவரைக் கிழித்துக் கயிற்றில் கட்டுகிறார்கள். படபடவென்று அடிக்கும்போது இரண்டு நாள் பறவை பயப்படும், அப்புறம் பழகிவிடும். ஆனால் கவர் வெயிலில் நொறுங்கி அந்தக் காட்டு மண்ணிலேயே விழும். உழுதால் இன்னும் பொடியாகும். வைக்கோலோடும் சோளத் தட்டோடும் சேர்ந்து மாட்டுத் தொட்டிக்கு வரும். வெயிலில் வைக்கிற எந்த வேலைக்கும் கவரைக் கொடுக்காதீர்கள் என்று நான் இவ்வளவு சொல்வது இதற்காகத்தான்.

சாப்பாட்டுப் பொருளுக்கும் பழைய கவர் வேண்டாம். கறுப்பு, கலர் கவர்களில் நிறைய ஏற்கெனவே எதையோ உருக்கி மறுபடி செய்தவை. அதில் முறுக்கோ தோசை மாவோ வைக்கக் கூடாது. சூடான குழம்பும் எண்ணெய்ப் பலகாரமும் எந்தக் கவருக்குமே ஆகாது. தீவனமும் சாப்பாட்டில் சேர்ந்ததுதான், மாட்டுக்குப் புண்ணாக்கு அளந்து வைக்கவும் இதை எடுக்காதீர்கள்.

தண்ணீர் மோட்டார் நனையாமல் இருக்கக் கவர் சுற்றுவார்கள். ஓடும்போது சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் புகைந்துவிடும். தகரக் கூரை போடுவது கொஞ்சம் செலவுதான், ஆனாலும் அதைத்தான் போட வேண்டும்.

வெட்டி எடுத்த மிச்சம்

கைப்பிடி, அடி ஓரம், முடிச்சுக்கு உதவாத துண்டு இதெல்லாம் மிதியடி நெய்யும்போது நிறையச் சேரும். இதைக் கூட்டிக் குப்பையில் போட்டால் நாம் செய்தது பாதி வீண். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி நன்றாகக் காயவைத்து, இந்தத் துண்டுகளைப் போட்டுப் போட்டு ஒரு குச்சியால் இடித்து நிரப்புங்கள். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட்டையும் கழுவித் துடைத்து இதிலேயே திணித்துவிடலாம். உள்ளே வெள்ளி போலப் பளபளக்கும் பாக்கெட்டைப் பழைய பேப்பர் கடையில் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள், அதனால் அதற்கு இதுதான் இடம். பாட்டிலைக் கையால் அமுக்கினால் அமுங்காத அளவுக்குக் கெட்டியாக வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், ஒரு துளியும் இருக்கக்கூடாது.

ஒரே அளவுப் பாட்டில் ஏழு சேர்ந்ததும், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று நிறுத்தி, சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு இடத்தில் இறுகக் கட்டுங்கள். மேலும் கீழும் அட்டை வைத்து, பழைய போர்வைத் துணியில் உறை தைத்துப் போட்டால் உட்காரும் முக்காலி தயார். அடுப்புப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு கிடக்கின்றன, துணி கொடுக்க வருகிறவர்கள் அதில்தான் உட்காருகிறார்கள். அதன் உயரம் ஒரு அடியை ஒட்டித்தான் இருக்கும், முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. அவர்களுக்கு ஒரு நாற்காலி தனியாகப் போட்டு வையுங்கள்.